வளையல் ஏறாத கை

1

நேற்று சாயங்காலம் முழுக்க என் மகளின் கட்டிலைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தேன். நான்கு காலுக்கும் அடியில் நான்கு கட்டைகள். நெதர்லாந்தில் வீட்டிலேயே பிள்ளை பெறுகிறவர்கள் கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பிரசவம் பார்க்க வரும் அம்மணிக்கு முதுகு வலிக்குமாம். பிரசவத்தில் வலி யாருக்கு வரக்கூடாது என்பதில் இந்த ஊர்க்காரர்கள் தெளிவாக இருக்கிறார்கள்.

மகள் யாழினிக்கு எட்டாவது மாதம். “ஆஸ்பத்திரி வேண்டாம்பா, வீட்டுலதான்” என்று சொல்லிவிட்டாள். மருத்துவச்சி சைக்கிளில் வருவாராம். மழை பெய்தால் என்ன செய்வது என்று கேட்டேன். மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு வருவாராம்.

நான் கப்பலில் இன்ஜின் பிட்டராக ஏறி, ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கி, கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் அப்படியே ஒட்டிக்கொண்டவன். நடுக்கடலில் இன்ஜின் தீப்பிடித்தபோது டீ குடித்துக்கொண்டே அணைத்திருக்கிறேன். ஆனால் வீட்டில் ஒரு பெண் வயிற்றில் கைவைத்து ‘ஸ்’ என்றால் போதும், எனக்குக் கால் இரண்டும் கழன்றுவிடும்.

கட்டை வைத்துவிட்டு நிமிரும்போது அலமாரியில் தலை இடித்தது. மேல்தட்டிலிருந்து லுங்கியில் சுற்றிய ஓர் அட்டைப்பெட்டி கட்டிலில் விழுந்தது. உள்ளே கண்ணாடி வளையல்கள். பாதிப் பெட்டிதான் இருக்கிறது. மீதிப் பாதி எங்கே என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

மூன்று மாதத்துக்கு முன்னால், யாழினிக்கு வளைகாப்பு நடத்த வேண்டும் என்று என் மனைவி சாந்தி ஆசைப்பட்டாள். ராட்டர்டாமில் கண்ணாடி வளையலுக்கு எங்கே போவது? “ஊருக்குப் போய் வாங்கிட்டு வாரேன்” என்று கிளம்பிவிட்டேன். வளையல் வாங்க விமானம் ஏறியவன் என்று பட்டறையில் இன்னமும் சிரிக்கிறார்கள். உண்மைக் காரணம் சாந்திக்கு மட்டும் தெரியும். நான் வீட்டில் இருந்தால் தினம் மூன்று தடவை மகளின் முகத்தைப் பார்த்துப் பதறுவேன். அவளுக்கும் பதற்றம் தொற்றிவிடும். என்னை நாடு கடத்தினார்கள் என்பதுதான் சரி.

அருப்புக்கோட்டைக் கடைவீதியில் பெட்டி வளையலை வாங்கிக்கொண்டு, திருச்சுழிப் பக்கம் இருக்கும் தங்கை தங்கத்தின் வீட்டில் இறங்கினேன். தங்கம் அங்கன்வாடி டீச்சர். அந்த வாரம் அவளுக்கு ஒரே ஓட்டம். ஏழைக் கர்ப்பிணிகளை மண்டபத்தில் வரிசையாக உட்கார வைத்து, சந்தனம் பூசி, வளையல் போட்டு, கலந்த சாதம் பரிமாறி, சீர்த்தட்டும் கொடுத்து அனுப்பும் அரசாங்கச் சமுதாய வளைகாப்பு நடக்கவிருந்தது. ஒவ்வொரு டீச்சரும் தன் ஊர்க் கர்ப்பிணிகளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

விழா அன்று காலையில் தங்கம் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

“அண்ணே, கெட்டுச்சு காரியம். எங் கணக்குல இருந்த முத்துமாரிக்கு விடியக்காலையில பிள்ள பொறந்துருச்சு.”

“நல்ல சேதிதானே?”

“என்ன நல்ல சேதி? எம் பேருல ஒரு நாற்காலி காலியாக் கெடக்கும். மேடையில இருந்து பாத்தா பல்லு விழுந்த வாயி மாதிரித் தெரியும். அதிகாரியம்மா என்னையத்தான் கேப்பாக.”

“நான் வேணா முக்காடு போட்டு உக்காரட்டா? வயிறு இருக்கு.”

“வயிறு இருக்கு. எத்தனாவது மாசம்னு கேட்டா?”

“முப்பது வருசம்னு சொல்லு.”

அவள் சிரிக்கவில்லை. “நரிக்குடி ரோட்டுல ஆலைக் கட்டடம் கட்டுறாகல்ல, அந்தத் தகரக் கொட்டகையில ஒரு பீகார்ப் பொண்ணு இருக்கா. சுனிதா. மாசமா இருக்கா. அங்கன்வாடிக் குழாய்க்குத் தண்ணிக்கு வரும்போது பாத்திருக்கேன். கர்ப்பிணின்னு பதிஞ்ச நம்பரும் இல்ல, அட்டையும் இல்ல, அதனால எந்தக் கணக்குலயும் வரமாட்டா. வண்டிய எடு.”

3

தகரக் கொட்டகையின் முன்னால் சுனிதா துணி அலசிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கணவன் முகேஷ் தளத்தின் மேலே கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தான். தங்கம் கையாலும் கண்ணாலும் வளையல், சந்தனம், சாப்பாடு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். சுனிதா பயந்து பின்வாங்கினாள்.

நான் வாயைத் திறந்தேன். சுனிதாவின் கையிலிருந்து துணி நழுவியது.

இதற்கு ஒரு கதை உண்டு. எங்கள் யாழினி பிறக்கும்போது நாங்கள் ராட்டர்டாமுக்குப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. டச்சு மொழியில் சாந்திக்கு ‘நன்றி’ மட்டும் தெரியும். வலி வந்தது, போன் பண்ணினால் வெந்நீரில் குளிக்கச் சொன்னார்கள். மறுபடி வலி, மறுபடி குளி. சாந்தி தோல் சுருங்கும்வரை குளித்தாள். அப்போது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே சந்திராக்கா இருந்தார். தென் அமெரிக்காவின் சூரினாமிலிருந்து வந்தவர்; அவருடைய முன்னோர் பீகார்ப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் போனவர்கள். அவர் போனை வாங்கி டச்சு மொழியில் போட்ட சத்தத்தில் மருத்துவச்சி கால் மணி நேரத்தில் வந்து நின்றார். அன்றிலிருந்து சந்திராக்காவின் அடுப்படிதான் எங்களுக்குத் தாய்வீடு. அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அவர் பேசும் போஜ்புரி ஒட்டிக்கொண்டது. யாழினிக்குத் தமிழைவிட அதுதான் சரளம். இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை.

ஆக, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில், தொந்தியும் தொப்பியுமாக ஒரு தமிழன், சூரினாம் போய் ராட்டர்டாம் வந்த போஜ்புரியில், “மகளே, விருந்து இருக்கிறது, வா” என்று கூப்பிட்டான். சுனிதா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “எங்கள் ஊரில் செத்துப்போன கிழவர்கள் பேசினதுபோல இருக்கிறது” என்றாள்.

காரில் வரும்போது அவள் அடிக்கடி நெற்றியைப் பிடித்தாள். “மாத்தா துகாத்தா?” என்றேன். தலை வலிக்கிறதா என்று அர்த்தம். நாலைந்து நாளாக வலிக்கிறதாம், கண் முன்னால் பூச்சி பறக்கிறதாம். வெயில்தான் காரணம் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படியே நினைத்தேன். எனக்கே அந்த வெயிலில் பூச்சி பறந்துகொண்டிருந்தது.

4

மண்டப வாசலில் பதிவு மேசை. மடிக்கணினியோடு ஒரு தம்பி.

“நம்பர்?”

“இல்ல தம்பி” என்றாள் தங்கம்.

“நம்பர் இல்லாம தட்டு கிடையாது டீச்சர். ஆதாரு போட்டா ஓடிபி வரும். அதச் சொன்னா நம்பர் வந்துரும்.”

சுனிதாவிடம் ஆதார் இருந்தது. அதில் இருந்த போன் நம்பர், வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரியுடையது. மேஸ்திரி பீகாருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். இதற்கு முன்னால் சுகாதார நிலையத்துக்கு இரண்டு தடவை போனபோதும் இந்த இடத்தில்தான் நின்றுபோயிற்றாம். நம்பர் எடுத்துக்கொண்டு வா, தமிழ் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சொன்னதே தமிழில் என்பதால் அவளுக்கு முழுசாகப் புரியவில்லை.

“நான் பேசுறேன்” என்று நெஞ்சை நிமிர்த்தி மேஸ்திரிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் கல்யாணப் பேண்டு வாத்தியம் முழங்கியது. என் சூரினாம் போஜ்புரியில் மெதுவாக, மரியாதையாகக் கேட்டேன்: ஐயா, தங்கள் போனுக்கு ஓர் எண் வந்திருக்கும், அதைத் தயவுசெய்து சொல்ல வேண்டும்.

பிறகு மேஸ்திரி சிரித்தார். எத்தனையோ திருடர்கள் ஓடிபி கேட்டுப் பேசியிருக்கிறார்களாம். அவருடைய தாத்தாவின் குரலில் பேசி ஏமாற்றப் பார்க்கிறவன் நான்தான் முதலாம். வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். கல்யாண வீட்டில் போன் கைமாறிக் கைமாறி, எல்லாரும் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்கள். ஒரு கிழவி மட்டும் அழுதார். ஓடிபி மட்டும் வரவில்லை.

“சரி, உக்காரட்டும்” என்றான் தம்பி. “தட்ட மட்டும் போட்டோ எடுத்ததும் திருப்பித் தந்துருங்க.”

முத்துமாரியின் நாற்காலியில் சுனிதா உட்கார்ந்தாள். வரிசை நிரம்பியது. என்னை மேடையில் ஏற்றி, “நெதர்லாந்து வாழ் தொழிலதிபர்” என்று மைக்கில் சொல்லி, கழுத்தில் மாலை போட்டார்கள். ஸ்பேனர் பிடித்த கையால் கும்பிட்டேன்.

வளையல் போடுகிற பெண்கள் ஒவ்வொருத்தராக முடித்து, சுனிதாவிடம் வந்தார்கள். முதல் வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. கொஞ்சம் அழுத்தினார்கள். உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

“அபசகுனம்டீ.”

“ஊரு பேரு தெரியாத பிள்ளைய எதுக்கு உக்கார வச்சாக?”

“சும்மா கெடங்கத்தா. அளவு சின்னது.”

மைக் பிடித்தவர் நிலைமை தெரியாமல், “தாய்மார்களின் கைகளில் மங்கல ஓசை” என்று முழங்கிக்கொண்டிருந்தார். தங்கம் மேடையைப் பார்த்துக் கத்தினாள்: “அண்ணே, நீ வாங்குனது பெரிய அளவுதான? அதக் கொண்டா!”

காரிலேயே கிடந்த யாழினியின் பெட்டியை எடுக்க நான் மாலையும் கழுத்துமாக இறங்கி ஓடினேன். அந்த வளையலும் ஏறவில்லை. யாரோ வாளியில் சோப்புத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். ஒருத்தி கையைப் பிடிக்க, ஒருத்தி நுரை தேய்க்க, ஒருத்தி வளையலைத் திருக, அதிகாரியம்மாள் தட்டோடு காத்து நிற்க, போட்டோக்காரர் “கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க” என்றார். இறுகிப்போன குழாய் இணைப்பைக் கழற்றுகிற அனுபவத்தில் நானும் யோசனை சொல்லத் தொடங்கினேன்.

ஓரத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் மேசையிலிருந்து கிராம நர்ஸ் ஜெயராணி எழுந்து வந்தார். சுனிதாவின் கையைப் பார்த்தார். குனிந்து, புடவையைக் கொஞ்சம் ஒதுக்கி, காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் பதிந்ததுபோல் குழி அப்படியே நின்றது.

“டீச்சர், சோப்ப எடுத்துட்டுப் போங்க. இது வளையல் கோளாறு இல்ல.”

5

ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார். பார்த்தார். ஒரு தடவை அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினார். முகம் மாறியது.

“தலை வலிக்குதா கேளுங்க. கண்ணு மங்குதா?”

“கேட்டேன் சிஸ்டர். நாலஞ்சு நாளா. பூச்சி பறக்குதாம்.”

“எப்பக் கேட்டீங்க?”

“கார்ல வரும்போது.”

அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னொரு மாலை போட்டிருக்கலாம். “பிரஷர் எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. எந்த நேரமும் ஜன்னி வரும். வந்தா தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது. நூத்தெட்டக் கூப்பிடுங்க.”

மேசைத் தம்பி, “நம்பர் இல்லாம ரெஃபர் பண்றதுன்னா...” என்று இழுத்தான்.

“நம்பர் அப்பறம் பொறக்கட்டும் தம்பி. மொதல்ல பிள்ள பொறக்கட்டும்” என்றார் ஜெயராணி. அதிகாரியம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் காரை விலக்கி வழிவிட ஓடினார்.

ஆம்புலன்ஸில் சுனிதா, ஜெயராணி, பட்டுச்சேலையோடு தங்கம், மொழிபெயர்ப்புக்கு நான். மாலையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. நான் விட்ட மூச்சைக் கேட்டு ஜெயராணி, “பேஷண்ட் யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க அண்ணாச்சி” என்றார்.

பாதி வழியில் சுனிதாவின் கண்கள் மேலே செருகின. உடம்பு வில்லாக வளைந்து வெட்டியது. ஜெயராணி அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார், ஊசி போட்டார், தங்கத்தைத் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். என்னை அவளோடு பேச்சுக் கொடுக்கச் சொன்னார். நான் வாயைத் திறந்தால் போஜ்புரி வரவில்லை. டச்சு வந்தது. பிறகு அதுவும் போய், “ஐயோ தாயீ, ஐயோ தாயீ” மட்டும் மிஞ்சியது. அதைத்தான் ஆஸ்பத்திரிவரை சொல்லிக்கொண்டு போனேன்.

6

பெரிய ஆஸ்பத்திரியில் ஜெயராணி முன்னாலேயே போனில் சொல்லியிருந்ததால் ஸ்ட்ரெச்சர் வாசலில் காத்திருந்தது. பிரசவ வார்டுக் கதவில் ஆயாம்மா கையை நீட்டித் தடுத்தார்.

“பொம்பள ஆளு ஒருத்தர்தான் உள்ள. நீங்க யாரும்மா? என்ன சொந்தம்?”

பீகார்க்காரிக்குத் திருச்சுழிக்காரி என்ன சொந்தம்? தங்கம் தன் கையைப் பார்த்தாள். சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

“பொறந்த வீடு” என்றாள். கதவு திறந்தது.

நான் வெளியே. மாலையைப் பார்த்துவிட்டுக் காவல்காரர், “பிள்ளைக்கு அப்பாவா?” என்றார். பிறகு என் நரையைப் பார்த்துவிட்டு, அவரே வருத்தப்பட்டு நாற்காலி கொடுத்தார். யாழினி பிறந்தபோது டச்சுக்காரர்கள் என்னைப் பிடித்து உள்ளே இழுத்து, பார், பார் என்று காட்டினார்கள். நான் பார்த்துவிட்டுத் தரையில் விழுந்தேன். இங்கே பார்க்காமலேயே விழுவேன்போல் இருந்தது.

தங்கத்தின் போன் வந்தது. “அண்ணே, டாக்டரம்மா வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கணும்ங்கிறாக. இவளுக்கு இப்ப நெனவு வந்துருச்சு. பயந்து ஊசி போட விட மாட்டேங்கா. எடுத்துச் சொல்லு.”

எடுத்துச் சொல்ல வேண்டும். ஆனால் என் போஜ்புரி அடுப்படியில் கற்றது. அறுவை சிகிச்சைக்கு அதில் வார்த்தை கிடையாது. கத்தி, நறுக்கு, பக்குவமாக இறக்கு, இவைதான் தெரியும். “மகளே, ரொம்பக் கவனமாக நறுக்குவார்கள்” என்றேன். உள்ளே அலறல் கேட்டது.

வேறு வழி தெரியாமல் ராட்டர்டாமுக்குப் போட்டு, சந்திராக்காவை அதே அழைப்பில் சேர்த்தேன். அவர் அப்போது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாராம். நான் ரெண்டு வார்த்தையில் விவரம் சொன்னதும், “நீ வாயை மூடு” என்று டச்சு மொழியில் சொன்னார். பிறகு குரல் மாறியது. வார்டுக்குள் ஸ்பீக்கர் போனில், இந்தியாவையே பார்த்திராத சந்திராக்கா சுனிதாவிடம் முதலில் கேட்டது, “எந்த ஊரும்மா நீ?” என்பதுதான். சுனிதா ஊரைச் சொன்னாள். அந்தப் பக்கம் கத்தியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சந்திராக்கா நிறுத்தாமல் பேசினார். என்ன பேசினார் என்பது எனக்குப் பாதி புரியவில்லை. முடிவில், “சரிங்கிறா அண்ணே, கைநாட்டு வைக்கிறா” என்றாள் தங்கம்.

சேதி கேட்டு முகேஷ் தலையெல்லாம் சிமெண்டோடு கான்கிரீட் வண்டியிலேயே வந்து இறங்கினான். ஒரே கேள்விதான் கேட்டான், “இருக்கிறாளா?” மாலையைக் கழற்றினேன், அதை என்ன செய்வது என்று தெரியாமல் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பொழுது சாயும் நேரத்தில் தங்கம் வெளியே வந்தாள். “பொம்பளப் பிள்ள. பூனைக்குட்டி கணக்கா இருக்கு. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காக. இவளும் கண்ணு முழிச்சுட்டா.”

முகேஷுக்கு அதைப் பெயர்த்துச் சொன்னேன். அதற்கு மட்டும் எல்லா வார்த்தையும் வந்தது.

ஜெயராணி பஸ் ஏறக் கிளம்பும்போது, “இன்னைக்கு ராத்திரி இவ அந்தக் கொட்டகையில கெடந்திருந்தா...” என்று தொடங்கி, முடிக்காமல் பையை எடுத்துக்கொண்டார். தங்கம் படியில் உட்கார்ந்து பட்டுச்சேலைக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சொன்னாள்:

“அண்ணே, முத்துமாரி மட்டும் ஒருநா கழிச்சுப் பெத்திருந்தா, இவள நான் கூப்பிட்டே இருக்க மாட்டேன்.”

நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். முடியாமல் நானும் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் வார்டுக்குப் போனபோது சுனிதாவின் வீக்கம் முழுக்க வடிந்து, கை கைபோல இருந்தது. பெட்டியைத் திறந்து நீட்டினேன். அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள். கலகலவென்று இறங்கின. பாதிப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மேஸ்திரியின் ஓடிபி அன்று மத்தியானம் வந்து சேர்ந்தது.

7

மீதிப் பாதியை இங்கே நான் மருத்துவக் கருவியாக மாற்றிவிட்டேன். தினமும் காலையில் காபியோடு யாழினியின் அறைக்குப் போகிறேன். ஒரு வளையலை அவள் கையில் போட்டுக் கழற்றுகிறேன். “அப்பா, திஸ் இஸ் நாட் சயின்ஸ்” என்கிறாள். “இல்லம்மா, திருச்சுழி” என்கிறேன். வளைகாப்பே வேண்டாம் என்றவளுக்குத் தினமும் வளைகாப்பு நடக்கிறது.

இன்று காலையில் மருத்துவச்சி மார்லஸ் சைக்கிளில் வந்தார். கட்டிலின் உயரத்தை அளந்து பாராட்டினார். சந்திராக்காவும் வந்திருந்தார், அந்த உயரத்தில் அவரால் ஏறி உட்கார முடியாமல், என்னைத் திட்டிக்கொண்டே நின்றார். வளையல் எதற்கு என்று மார்லஸ் கேட்டார். சொன்னேன். முதலில் சிரித்தவர், கதை முடிந்ததும் ரத்த அழுத்தப் பட்டையை எடுத்து யாழினியின் கையில் சுற்றிப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார். பிறகு ஆசையாக ஒரு வளையலை வாங்கித் தன் கையில் போட்டுப் பார்த்தார். ஏறவில்லை.

நான் சட்டென்று குனிந்து அவருடைய கணுக்காலைப் பார்த்தேன்.

“எலும்பு! வெறும் எலும்பு!” என்று கத்தினார் மார்லஸ். சந்திராக்கா சிரித்த சிரிப்பில் கட்டில் கட்டையே ஆடியது.

அப்போது யாழினியின் போன் கிணுங்கியது. சுனிதா. பிள்ளைக்கு உடம்பு தேறியதும் பீகாருக்குப் போய்விட்டாள். வாரம் ஒரு குரல் செய்தி அனுப்புகிறாள். எனக்கு இல்லை, யாழினிக்கு. பின்னணியில் பிள்ளை அழுகிற சத்தம். இப்போது பூனைக்குட்டிபோல இல்லை. சுனிதாவின் கேள்வி எப்போதும் ஒன்றுதான், வளையல் ஏறுகிறதா என்று.

யாழினி என் கையிலிருந்த வளையல்களை வாங்கி மொத்தமாகப் போட்டுக்கொண்டாள். போனைப் பக்கத்தில் வைத்து, கையை நன்றாக ஆட்டி, அந்தச் சத்தத்தை அனுப்பிவிட்டாள்.